ஒழுகும் றேடியேற்றரும் ஒரு போத்தல் மருந்தும்



இந்தப் பக்கங்களில் நாம் வழமையாகக் கோழி வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், பிள்ளைகளின் படிப்பு, சேமிப்பு என்று பேசுவோம். இம்முறை எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன். "இது ஆம்பிளையள்ற வேலை, எங்களுக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று எம்மில் எத்தனையோ பேருடைய வீட்டு வருமானம் ஒரு எஞ்சினில் தங்கியிருக்கிறது. உழவு மெசின், மீன் ஏற்றும் சின்ன லொறி, பள்ளிக்கூட வான், ஓட்டோ என்று ஏதோ ஒன்று ஓடினால்தான் அடுப்பு எரிகிறது. அது நின்றுவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் நாம் அடுத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். அறியாமையால் நான் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வயலில் நின்ற மெசின்

எனது ஊர் தம்பலகாமம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற ஊர். 2007 இல் கணவரை இழந்த பிறகு எனக்கு மிஞ்சியது இரண்டு பிள்ளைகளும் அவர் வைத்திருந்த பழைய நான்கு சில்லு உழவு மெசினும்தான். அதை விற்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நான் விற்கவில்லை. என் அண்ணனின் மகன் ஓட்டுவான், நான் கணக்கும் டீசலும் பார்த்துக்கொள்வேன். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் உழவுக் கூலியில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

2020 ஒக்டோபரில் பெரும்போக உழவு தொடங்கிய நேரம். ஒருநாள் காலையில் மருமகன் வந்து, "மாமி, றேடியேற்றர்ல தண்ணி நிக்குதில்ல. அடியில கசியுது" என்றான். போய்ப் பார்த்தேன். றேடியேற்றரின் கீழ்ப்பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அன்று உழ வேண்டிய வயல் மூன்று. கழற்றிக் கொண்டுபோய் ஈயம் வைக்க இரண்டு நாள் போகும். உழவு நேரத்தில் இரண்டு நாள் என்றால் வாடிக்கைக்காரர் வேறு மெசினைத் தேடிப் போய்விடுவார்.

உதிரிப்பாகக் கடையில் ஒரு போத்தல் தந்தார்கள். றேடியேற்றருக்குள் ஊற்றினால் ஓட்டை தானாக அடைபடும் என்றார்கள். ஊற்றினோம். அரை மணித்தியாலத்தில் சொட்டு நின்றுவிட்டது. அன்று மூன்று வயலும் உழுதாயிற்று. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. "பிறகு கழற்றி ஈயம் வைப்பம்" என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் "பிறகு" வரவேயில்லை. அடுத்த போகத்தில் மீண்டும் கசிந்தபோது இரண்டாவது போத்தல். அதற்கடுத்த போகத்தில் மூன்றாவது.

2022 ஏப்ரல் உங்களுக்கு நினைவிருக்கும். டீசலுக்கு நாள் கணக்காக வரிசையில் நின்ற காலம். அப்படி நின்று பெற்ற டீசலோடு சிறுபோக உழவுக்கு இறங்கிய இரண்டாம் நாள் மெசின் கொதித்து நடு வயலில் நின்றது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. ஆனால் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தபோது பால் தேத்தண்ணி நிறத்தில் நுரைத்து வந்தது.

கராஜில் இருந்த பாஸ் அண்ணன் றேடியேற்றரைக் கழற்றித் திறந்து காட்டினார். உள்ளே இருந்த மெல்லிய குழாய்களில் பாதிக்கு மேல் சேறு போன்ற ஒன்று அடைத்திருந்தது. "பிள்ள, இது ஓட்டையை மட்டும் அடைக்கேல்ல. தண்ணி போற வழியையும் அடைச்சிட்டுது. எத்தனை போத்தல் ஊத்தினீங்க?" என்று கேட்டார். மூன்று என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் ஓடாததால் எஞ்சின் சூடேறி, தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் கஸ்கற் எரிந்து, தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. உதிரிப்பாகம் கிடைப்பதே அரிதாயிருந்த நேரம் அது. அந்தச் சிறுபோகம் எனக்கு ஒரு ஏக்கர்கூட உழக் கிடைக்கவில்லை. மகளின் தோடு அடகுக்குப் போனது.

தண்ணீர் என்ன வேலை செய்கிறது?

எஞ்சினுக்குள் எரிபொருள் எரிகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதிதான் சில்லைச் சுற்றுகிறது. மிகுதி வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் இரும்பே வளைந்துவிடும். பம்பி ஒன்று தண்ணீரை எஞ்சினைச் சுற்றி ஓடவிடுகிறது. சூடான தண்ணீர் மேல் றப்பர் குழாயால் றேடியேற்றருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றாடியின் காற்றில் ஆறி, கீழ்க் குழாயால் திரும்பிப் போகிறது. இடையில் தேர்மோஸ்ராற் என்ற சிறிய கதவு உண்டு. தண்ணீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் சூடானதும் அது திறந்து வழிவிடும்.

றேடியேற்றர் மூடியும் வெறும் மூடியல்ல. அது உள்ளே அமுக்கத்தைப் பிடித்து வைக்கிறது. அமுக்கம் கூடினால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். பிரஷர் குக்கரும் இப்படித்தான். மூடியின் றப்பர் பழுதானால் ஓட்டை எதுவும் இல்லாமலே தண்ணீர் கொதித்து வெளியே போகும். பல நேரங்களில் "றேடியேற்றர் போயிற்று" என்று நாம் நினைப்பது பழைய மூடியின் வேலையாக இருக்கும்.

எல்லா வாகனத்துக்கும் றேடியேற்றர் இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எமது வீதிகளில் ஓடும் பெரும்பாலான ஓட்டோக்களின் எஞ்சின் காற்றினால் குளிர்வது. அதில் தண்ணீரும் இல்லை, இந்த மருந்துக்கு வேலையும் இல்லை. இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் சிலவற்றில் றேடியேற்றருக்குப் பதிலாகத் திறந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் அதன் முறை. தண்ணீர் குறைகிறதே என்று அதற்குள் மருந்து ஊற்றுவது வீண் செலவு. தண்ணீர் விட்டால் போதும்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் கிடைக்கும் கசிவு மருந்துகள் பொதுவாக மூன்று வகை. முதலாவது, தாவர நாரும் வேர்த் தூளும் கலந்தது. இவ்வகைக் குளிசைகள் சிலவற்றில் இஞ்சி வேர்த் தூளும் சேர்க்கப்படுகிறது. இரண்டாவது, செம்பு அல்லது அலுமினியத் துகள்கள் கலந்தது. இவ்விரண்டும் தண்ணீரோடு ஓடி, ஓட்டை உள்ள இடத்தில் அமுக்கத்தினால் தள்ளப்பட்டு ஒன்றின்மேல் ஒன்று சிக்கி அடைக்கின்றன. வாய்க்காலில் மதகு ஓட்டையில் வைக்கோலும் சருகும் போய்ச் சிக்குவது போன்றது இது. மூன்றாவது, சோடியம் சிலிக்கேற்று என்ற திரவம். நீர்க்கண்ணாடி என்றும் சொல்வார்கள். வெடிப்பின் வழியே கசியும்போது அதிலுள்ள நீர் சூட்டில் ஆவியாகிப் போக, கண்ணாடி போன்ற ஒரு படிவு எஞ்சி அடைத்துக்கொள்ளும். கஸ்கற் கசிவுக்கு என்று விற்கும் மருந்துகள் பலவற்றில் இது உண்டு.

இந்த மருந்து வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 1958 இல் அமெரிக்காவின் நோட்டிலஸ் என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் வட துருவத்துக்குப் பனிக்கட்டியின் அடியால் போகப் புறப்பட்டபோது, அதன் நீராவி ஒடுக்கியில் கண்டுபிடிக்க முடியாத கசிவு ஒன்று இருந்தது. கப்பலின் ஆட்கள் சாதாரண உடையில் சியாற்றில் நகரத்து எண்ணெய் நிலையங்களுக்குப் போய், கார் றேடியேற்றருக்கு ஊற்றும் கசிவு மருந்தை ஏறத்தாழ 140 டின் வாங்கி வந்தார்கள். அதில் ஒரு பகுதியை ஊற்றினார்கள், கசிவு நின்றது. 1958 ஓகஸ்ட் 3 இல் அந்தக் கப்பல் வட துருவத்தைக் கடந்தது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2009 இல் அமெரிக்க அரசு பழைய வாகனங்களைப் பெற்றுக்கொண்டு புதியவை வாங்க உதவுதொகை கொடுத்தது. பெற்ற வாகனங்கள் மீண்டும் வீதிக்கு வராதபடி அவற்றின் எஞ்சினை அழிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பயன்பட்டதும் இதே சோடியம் சிலிக்கேற்றுத்தான். எண்ணெய்க்குப் பதிலாக அதை ஊற்றி ஓடவிட்டால் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். ஒரே திரவம் ஓரிடத்தில் காக்கிறது, இன்னோரிடத்தில் கொல்லுகிறது. எங்கே, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எமது சாரதிகளின் கைவைத்தியமான மஞ்சள் தூளும் முதலாவது வகையைச் சேர்ந்ததே. நடுவழியில் வேறு வழியில்லாதபோது அது வீடு சேர்த்திருக்கிறது. மிளகுத் தூள், முட்டை வெள்ளைக்கரு போடுகிறவர்களும் உண்டு. ஆனால் இவை உள்ளே அழுகி, கட்டிபட்டு, வழியை அடைக்கும். மருந்துப் போத்தலில் அளவாவது எழுதியிருக்கும், மஞ்சளுக்கு அளவு சொல்ல யாரும் இல்லை.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

றேடியேற்றரில் ஊசிமுனை ஓட்டை, மெல்லிய கசிவு என்றால் உதவும். வெடித்த றப்பர் குழாய், தளர்ந்த கிளிப், பழுதான மூடி, பம்பியின் சீல், உடைந்த பிளாஸ்ரிக் தாங்கி ஆகியவற்றுக்கு உதவாது. அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆகவே ஊற்றுவதற்கு முன் கசிவு எங்கே என்று பாருங்கள். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

இரவில் வாகனத்தின் அடியில் ஒரு காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்துக்கு நேரே இருக்கிறது என்று பாருங்கள். குழாய்களின் பொருத்துகளில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருந்தால் அங்கே கசிகிறது. பம்பியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதனால் சொட்டினால் பம்பி சீல் தேய்ந்துவிட்டது. வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைகிறதா? எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறம், புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, றேடியேற்றர் தண்ணீரில் விடாமல் குமிழி எழுதல் ஆகியவை கஸ்கற் பழுதின் அறிகுறிகள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் மெசினை மேலும் ஓடவிடக் கூடாது.

ஊற்றத்தான் வேண்டுமென்றால்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறவுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்துக்கு அடிக்கும். குறைந்தது அரை மணித்தியாலம் பொறுங்கள். பிறகும் தடித்த சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிறிது சிறிதாகத் திருப்புங்கள். கொதித்து நிற்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவே கூடாது. இரும்பு வெடித்துவிடும்.

போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். உங்கள் வாகனத்துக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் பிடிக்கும், அதற்கு எவ்வளவு மருந்து என்று பாருங்கள். கூடப் போட்டால் கூட நன்மை என்பதில்லை. சிலிக்கேற்று வகை சிலவற்றை ஊற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் கூலன்டை முழுவதும் வெளியேற்றிக் கழுவச் சொல்லியிருக்கும். அதைச் செய்யாவிட்டால் இரண்டும் சேர்ந்து களியாகிவிடும். போத்தலை நன்றாகக் குலுக்கி, றேடியேற்றருக்குள்ளேயே ஊற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்ரிக் போத்தலுக்குள் ஊற்றினால் அது அங்கேயே தங்கிவிடும். மூடியைப் போட்டு, பாரம் இல்லாமல் 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பமானி முள்ளில் கண் இருக்கட்டும். எனது மெசினில் அந்த முள் பல வருடமாக வேலை செய்யவில்லை. அதைத் திருத்தியிருந்தால் கஸ்கற் எரிவதற்கு முன்பே அறிந்திருப்பேன்.

ஒரு முறை ஊற்றியபின் அடுத்த வேலை கராஜுக்குப் போவது. மீண்டும் ஒரு போத்தல் வாங்குவதல்ல. பழைய மெசின்களில் இருக்கும் செம்பு, பித்தளை றேடியேற்றரை ஈயம் வைத்து அடைக்கலாம். புதிய வாகனங்களின் அலுமினிய, பிளாஸ்ரிக் றேடியேற்றருக்கு அப்படிச் செய்ய முடியாது, பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும். எதுவானாலும், திருத்தும்போது உள்ளே எஞ்சியிருக்கும் மருந்தைக் கழுவி எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. கூலன்ட் இனிப்பான நஞ்சு. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் ஒரு சிறு குவளை அளவில் வளர்ந்த ஆளையே கொல்லக்கூடியது. நிறமும் இனிப்பும் குழந்தைகளையும் நாய்களையும் கவரும். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வாய்க்காலில் கொட்டாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் எமது மாடும் ஆடும் குடிக்கின்றன. யாராவது குடித்துவிட்டால் அறிகுறி தெரியும்வரை காத்திராமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கராஜில் நாம் கேட்க வேண்டியவை

தனியாகப் போகும் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு முறை ஓரிடத்தில் எனது றேடியேற்றரையே மாற்ற வேண்டும் என்றார்கள். "எந்த இடத்தில கசியுது, எனக்குக் காட்டுங்க" என்று கேட்டேன். தேடிப் பார்த்தபோது தளர்ந்திருந்தது கீழ்க் குழாயின் கிளிப். அன்றிலிருந்து மூன்று விடயம் கேட்காமல் நான் பணம் கொடுப்பதில்லை. கசிவு எங்கே? அமுக்கம் கொடுத்துச் சோதித்தீர்களா? கழற்றிய பழைய பாகம் எங்கே? இவற்றைக் கேட்டால் நல்ல வேலைக்காரர் கோபிக்க மாட்டார். எனது பாஸ் அண்ணன் மகிழ்ச்சியோடு விளங்கப்படுத்துவார்.

2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025 இல் மீண்டும் திறந்தபோதும் விலை எம் போன்றோர் நெருங்கும்படி இல்லை. ஆகவே கையில் இருக்கும் பழையதைக் காப்பாற்றுவதே எமது வழி. வெட்டுக் காலத்தில் றேடியேற்றரின் இடுக்குகளில் சேரும் பதரையும் தூசியையும் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். உப்புக் கலந்த கிணற்றுத் தண்ணீரை விட்டால் உள்ளே படிவு பிடிக்கும். மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து விடுவது நல்லது.

தற்காலிகம் என்ற சொல்

தற்காலிக ஏற்பாடுகளைக் குறைவாக நினைக்க எம்மால் முடியாது. தொண்ணூறுகளில் வடக்கில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, சைக்கிள் டைனமோவில் வானொலி பாடியது, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்தச் சமாளிப்பு இல்லாவிட்டால் நாம் உயிரோடு இருந்திருக்க மாட்டோம். ஆனால் தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எமது மாவட்டம் அறியும். 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் கிளிவெட்டி போன்ற இடங்களின் தற்காலிகக் கொட்டில்களில் 2015, 2016 வரை இருந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

கசிவைச் சின்னதென்று விட முடியாது என்பதும் எமக்குப் புதிதல்ல. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதைக் கண்டவர்கள் இன்றும் வரம்பில் ஈரம் கண்டால் மண்வெட்டி எடுக்காமல் வீடு திரும்ப மாட்டார்கள். வரம்பில் அந்தக் கவனம் எனக்கும் இருந்தது. மெசினில்தான் இருக்கவில்லை.

2023 இல் கடன் அடைத்து மெசினைத் திருப்பி எடுத்தேன். இப்போது மெசினின் பெட்டிக்குள் ஒரு கொப்பி இருக்கிறது. தண்ணீர் விட்ட நாள், எண்ணெய் மாற்றிய நாள் எல்லாம் எழுதுகிறோம். கசிவு மருந்து ஒரு போத்தலும் இருக்கிறது, அதை நான் வெறுக்கவில்லை. ஆனால் ஊற்றினால் அந்த நாளையும், கராஜுக்குப் போகும் நாளையும் ஒரே வரியில் எழுத வேண்டும் என்பது மருமகனுக்கு நான் போட்ட சட்டம். சென்ற போகத்தில் ஒரு முறை ஊற்ற வேண்டி வந்தது. உழவு முடிந்த மறுநாளே அவன் றேடியேற்றரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மாமி, கொப்பியில இண்டைக்குத்தான் போட்டிருக்கு. பாஸ் அண்ணனிட்ட போவமா?" என்றான்.

மகளின் தோடும் இப்போது அவள் காதில்தான் இருக்கிறது.